மேற்குக் கையில் பதினெட்டு டிகிரி

நான் மறதிக்காரி இல்லை, மன்னிக்கிறவளும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் வந்து, இவ்வளவு படித்தவள் இப்படியா செய்வாள் என்று யாரும் அங்கலாய்க்க வேண்டாம். செய்தேன். இன்னொரு வாய்ப்பு வந்தாலும் செய்வேன்.

ஒரு காலத்தில் பாறைகளுக்குள் படுத்திருக்கும் பழைய வடக்கைத் தேடுவதுதான் என் வேலை. சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றையே மலை என்று நம்பி வளர்ந்த செம்பவாங்காரிக்கு மலை ஆராய்ச்சி எதற்கு என்று என் அப்பா கேட்டார். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். ஆற்று மணல் படியும்போது, அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். மணல் இறுகிப் பாறையானால் அப்புறம் அவற்றால் அசைய முடியாது. கோடிக்கணக்கான வருஷம் கழித்து அந்தப் பாறையை எடுத்துக் கருவியில் வைத்தால், துகள்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று அளந்துவிடலாம்.

சில மலைத்தொடர்கள் முழங்கையை லேசாக மடக்கியது போல வளைந்து கிடக்கும். அது நேராகப் பிறந்து பிறகு வளைந்ததா, வளைந்தே பிறந்ததா என்பதுதான் கேள்வி. பிறகு வளைந்திருந்தால் பாறையோடு சேர்ந்து உள்ளே இருக்கும் துகள்களும் திரும்பியிருக்கும். மடிப்புக்குக் கிழக்கே உள்ள கையில் ஒரு வடக்கு, மேற்கே உள்ள கையில் வேறொரு வடக்கு கிடைக்கும். வளைந்தே பிறந்திருந்தால் இரண்டு கையிலும் ஒரே வடக்குதான். இதைக் கேட்டுவிட்டு அப்பா, கல் பொய் சொல்லாது, எடுக்கிற ஆள் ஒழுங்காக எடுத்தால் சரி என்றார்.

உண்மையிலேயே எல்லாம் எடுப்பதில்தான் இருக்கிறது. துளைக்கருவியால் பாறையில் விரல் நீளத்துக்கு ஓர் உருளையைக் குடைவோம். அதை உடைத்து எடுக்கும் முன் அது எந்தத் திசை பார்த்து நின்றது என்று குறிக்க வேண்டும். பித்தளைக் குழல் ஒன்றை உருளையில் மாட்டி, குழலின் தலையில் உள்ள தட்டில் திசைகாட்டியை வைத்துப் படிப்போம். வெயில் இருந்தால் நிழல் கணக்கும் உண்டு. தட்டில் நிற்கும் குச்சியின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது, அப்போது மணி என்ன என்று எழுதிக்கொண்டால், அதிலிருந்தே திசையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஊசியை இரும்பு இழுக்கும், நிழலை எதுவும் இழுக்காது. இதற்காகத்தான் இரண்டையும் எடுக்கிறோம்.

என் பேராசிரியர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நிலைத்தவர். துறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தமிழ் என்பதால், மற்ற மாணவர்களுக்கு இல்லாத உரிமையோடு என்னைத் திட்டுவார், என் அம்மா கொடுத்தனுப்பும் சாம்பாரையும் சாப்பிடுவார். நான் அவரைக் கடவுளுக்கு ஒரு படி கீழே வைத்திருந்தேன். அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போயிருந்தது. ஒரு நல்ல கட்டுரை வெளிவராவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று வெளிப்படையாகவே சொல்வார்.

சிங்கப்பூருக்கு வெகு வடக்கே, வளைந்த மலை ஒன்றுக்கு இரண்டு பேரும் போனோம். முதல் வாரம் கிழக்குக் கையில் வேலை. நான் திசைகாட்டியைப் படித்தேன், அவர் எழுதினார். எல்லா உருளைக்கும் ஊசி சொன்னதும் நிழல் சொன்னதும் ஒன்றாக இருந்தன. இரண்டாம் வாரம் கல் சில்லு தெறித்து என் மணிக்கட்டு கிழிந்துவிட்டது, துணி சுற்றிக் கட்டிக்கொண்டேன். அதனால் மேற்குக் கையில் அவர் திசைகாட்டியைப் பிடித்தார், நான் நிழலைப் பார்த்து எழுதினேன். சாலைக்காக நேராக வெட்டிய செங்குத்துப் பாறை அது. எல்லா உருளையையும் ஒரே பக்கம் பார்த்துத்தான் குடைய முடியும். அங்கே முதல் நாள் எடுத்த ஒவ்வொன்றிலும் ஊசிக்கும் நிழலுக்கும் பதினெட்டு டிகிரி வித்தியாசம் வந்தது. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், ஆனால் எப்போதும் ஒரே பக்கம்.

அன்று மாலையே, பாறைக்கு அடியில் வைத்தே சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தவர், நிழல் கோட்டை நான் மாற்றிப் படித்திருப்பேன் என்றார். அதே குச்சி, அதே வாட்ச், போன வாரம் சரியாகத்தானே வந்தது என்றேன். போன வாரம் உனக்குக் கை வலி இல்லை என்றார். திரும்பி வந்ததும் நிழல் கணக்கு மொத்தத்தையும் தள்ளிவிட்டு, ஊசிக் கணக்கை மட்டும் வைத்துப் படம் வரைந்தார். அவர் நேரமோ என் தலையெழுத்தோ, அந்த மலை வளைந்த கோணமும் கிட்டத்தட்ட அந்தப் பதினெட்டேதான். கிழக்கே ஒரு வடக்கு, மேற்கே வேறொரு வடக்கு. நேராகக் கிடந்த மலை பிறகுதான் வளைந்தது என்று உலகத்துக்கு அறிவித்தார். கட்டுரை வந்தது, பதவி வந்தது, மேடை மேடையாக அழைப்பு வந்தது.

நான் என் ஆய்வேட்டில் நிழல் கணக்கையும் சேர்ப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். அதன் பலன் ஆய்வுக் குழுவின் அறிக்கையில் ஒரே வரியில் வந்தது. களப்பணியில் கவனக்குறைவு, அளவீடுகளை நம்ப இயலாது. அவர் கையெழுத்தில். ஐந்து வருஷ உழைப்புக்குப் பிறகு டாக்டர் பட்டம் இல்லாமல், அதற்குக் கீழான ஒரு பட்டத்தோடு வெளியே வந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஆனால் அப்போது நான் அப்படி நினைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் அவரை நம்பினேன். வலியில் தூங்காத கண்ணோடு கோட்டை மாற்றித்தான் படித்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரில் ஃபிஸிக்ஸ் சொல்லிக்கொடுக்கப் போனேன். பன்னிரண்டு வருஷம் போயிற்று.

இப்போது என் வீட்டுக்காரர் கதைக்குள்ளே வருகிறார். சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர், நல்ல மனிதர், ஆனால் வேலையில் கொஞ்சம் ஆட்டம் கண்டால் போதும், கிரகத்தைத்தான் பிடிப்பார். போன வருஷம் கம்பெனி கைமாறியதும் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். ஏழரைச் சனியாம். கறுப்புக் குதிரையின் லாடத்தில் அடித்த இரும்பு மோதிரம் ஒன்று நடுவிரலில் ஏறியிருந்தது. போதாததற்கு, புது வீட்டில் சாமி மேடை ஈசானிய மூலையில் இல்லை என்ற கவலை வேறு. அரசாங்க வீடமைப்புக் கழகம், அதாவது வீவக, கட்டிக்கொடுத்த வீட்டில் ஈசானிய மூலை எங்கே வருகிறதோ அங்கேதான் வரும், சுவரையா நகர்த்த முடியும் என்றேன். கேட்கவில்லை. வீட்டுக்குள் சாமான் அறையாகிவிட்ட பாம் ஷெல்டரில் கிடந்த என் பழைய திசைகாட்டியைத் தேடி எடுத்து, ஹால் நடுவில் நின்று அளந்தார். அவர் கணக்கில் ஈசானிய மூலை கழிப்பறைக்குள் போய்விட்டது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாங்கி நான் அளந்தேன். ஊசி வேறு இடத்தில் நின்றது. அவர் பிடித்தார், மறுபடியும் கழிப்பறை. மோதிரத்தைக் கழற்றித் தூரப் போடுங்க என்று சொல்லி வாய் மூடவில்லை, எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பேராசிரியரும் அந்த வருஷம் ஏழரைச் சனியில்தான் இருந்தார். தேக்காவில் நம்பிக்கையான ஜோசியர் யாராவது உண்டா என்று என்னிடம்தான் கேட்டார். என் அம்மா போகும் இடத்துக்கு நானேதான் கூட்டிப்போனேன். அவருக்கும் இதே லாட மோதிரம், கழற்றவே கூடாது என்ற அதே கட்டளை. எங்கள் ஆய்வகத்தில் அளவெடுக்கும் அறைக்குள் ஒரு குண்டூசி கூடப் போகக் கூடாது. சாவி, பெல்ட், கைப்பேசி எல்லாவற்றையும் வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் நுழைவோம். மோதிரம் போட்ட நாளிலிருந்து அவர் அந்த அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். சனி பகவான் சாரை வெளியே நிறுத்திவிட்டார் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அப்படி வாசலோடு நின்றவர், மலையில் போய் அதே கையால் திசைகாட்டியைப் பிடித்தார். கூரான கல் என்று கையுறை வேறு. மோதிரம் கண்ணில் படவே இல்லை. மலைக்கு வாசலும் இல்லை, தட்டும் இல்லை. இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

அந்தச் சனி ஞாயிறு முழுக்கப் பழைய நோட்டுகளோடு உட்கார்ந்தேன். நான் பிடித்த இடத்திலெல்லாம் ஊசியும் நிழலும் ஒன்று. அவர் பிடித்த இடத்திலெல்லாம் பதினெட்டு. எல்லா உருளையும் ஒரே பக்கம் பார்த்ததால் மோதிரமும் ஊசியை ஒரே பக்கமாகவே இழுத்திருக்கிறது. அந்த இரண்டாம் வாரத்தின் நடுவில் ஒரு நாள் மத்தியானம் அவர் ஓய்வெடுக்க, மணிக்கட்டில் கட்டோடு நானே மூன்று உருளைகளைப் படித்திருந்தேன். மேற்குக் கையிலேயே அந்த மூன்றில் மட்டும் வித்தியாசம் இல்லை. என் கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு கையிலும் ஒரே வடக்கு. மலை வளையவே இல்லை, அப்படியேதான் பிறந்திருக்கிறது. என் கண் சரியாக இருந்தது, கோடு சரியாக இருந்தது, வாட்ச் சரியாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த மனுஷனை நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும் என்றுதான் வந்தது.

வீட்டுக்காரர் விட்டுவிடச் சொன்னார். தெரியாமல் நடந்த தப்பு, ஒரு ஈமெயில் போடு, அவரே திருத்திக்கொள்வார் என்றார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பழமொழி வேறு. பன்னிரண்டு வருஷம் பொறுத்ததில் எனக்குக் கிடைத்த பூமி, நாலு அறை வீடும் அதில் ஒரு கழிப்பறை ஈசானியமும்தான் என்றேன். 

ஏப்ரலில் தமிழ் நிகழ்ச்சிகள் வரிசையாக நடக்கும் சமயம், ஓர் அமைப்பு அவரைத் தமிழில் பேச அழைத்திருந்தது. தலைப்பு, மலைகள் எப்படி வளைகின்றன. விளம்பரத்தைப் பார்த்ததும் ஏற்பாட்டாளருக்கு எழுதினேன். நான் அவருடைய பழைய மாணவி, பாறையில் திசை பார்க்கும் குழலையும் திசைகாட்டியையும் கொண்டு வருகிறேன், மேடையில் அவரே செய்துகாட்டினால் ஆசிரியர்களுக்குப் பயனாக இருக்கும் என்று. ஏற்பாட்டாளருக்கு மகா சந்தோஷம். நான் எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை.

அரங்கு நிறைந்திருந்தது. ஊரிலிருந்து வந்த எஞ்சினியர்கள், பள்ளி ஆசிரியர்கள், அவர் துறையிலிருந்து தமிழ் தெரிந்த இரண்டு பேர். என்னைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், தலை நரைத்திருந்தாலும் அதே சிரிப்பு. குலுக்கிய கையில் மோதிரம் இருந்தது. சனி விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ஆனால் அது ஏறிய வருஷம்தானே பெயரும் பதவியும் வந்தன, எப்படிக் கழற்றுவார்? ஒரு வகையில் ஜோசியர் சொன்னது பலித்துத்தான் இருக்கிறது. அவருக்கு எல்லாம் கொடுத்தது அந்த மோதிரமேதான்.

பேச்சு அருமையாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். என் கிழக்குக் கையும் அவர் மேற்குக் கையும் திரையில் இரண்டு நிறத்தில் விரிந்தன. கேள்வி நேரத்தில் என்னை அழைத்தார்கள். கீழே வைப்பதைப் பெரிதாகத் திரையில் காட்டும் விஷுவலைசர் மேடையில் இருந்தது. அதன் கீழே குழலை நிறுத்தி, தட்டில் திசைகாட்டியை வைத்து, மலையில் பிடித்த மாதிரியே பிடிக்கச் சொன்னேன். பெருமையாகப் பிடித்தார். ஊசி திரையில் பனைமர உயரத்துக்குத் தெரிந்தது. எண்ணைப் படிக்கச் சொன்னேன், படித்தார்.

"சார், இப்ப அந்தக் கையை மட்டும் எடுங்க. இன்னொரு கையால பிடிங்க."

எடுத்தார். ஊசி நகர்ந்தது. அரங்கு முழுக்கப் பார்த்தது. மறுபடியும் மோதிரக் கையை வைக்கச் சொன்னேன். அவர் வைக்கவில்லை. கட்டடத்தில் இரும்புக் கம்பி நிறைய இருக்கிறது, உள்ளே இப்படித்தான் காட்டும் என்று மைக்கில் சொன்னார்.

"கட்டடம் உங்க கைகூடவே வந்துட்டுப் போகுதா சார்?"

யாரோ முன்வரிசையில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு பரவியது. மோதிரத்தைக் கழற்றிக் காட்டுங்களேன் என்று ஓர் ஆசிரியை சாதாரணமாகத்தான் கேட்டார். சாரும் இழுத்தார். வரவில்லை. விரல் கணு வீங்கி அது உள்ளேயே தங்கிவிட்டது. இருநூறு கண்கள் பார்க்க, ஒரு பேராசிரியர் மேடையில் நின்று விரலைத் திருகிக்கொண்டிருந்தார். நான் மலைக்குப் போன கதையைச் சொன்னேன். நிழல் கணக்கு, கையுறை, பதினெட்டு டிகிரி, அந்த மூன்று உருளைகள், எல்லாவற்றையும். ஒரு சொல் கூடக் கூட்டவில்லை. அவர் துறைக்காரர்கள் இரண்டு பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், அப்படிக் குளிர்ந்தது.

வெளியே கறிபஃப்பும் தே தாரிக் டீயும் வைத்திருந்த மேசைப் பக்கம் அவர் என்னைத் தேடி வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஓரமாக அழைத்துப்போய், கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்கு நாமே எழுதிவிடலாம் என்றார். இரண்டு பேர் பெயரிலும். கருவிப் பிழை என்று போட்டால் போதும், மோதிரம் வேண்டாம், உலகமே சிரிக்கும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தத் திசைகாட்டிகளைச் சரிபார்ப்பது அப்போது யார் வேலை? என் வேலை. பன்னிரண்டு வருஷம் கழித்தும் பழியைத் தூக்கி என் மடியிலேயே வைக்கப் பார்க்கிறார்.

கருவியில் பிழை இல்லை, உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, அதனால் சொல்லிவிடுவதில் என்ன வெட்கம் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த காகிதக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி நின்றதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"எப்பத் தெரியும் சார்?"

"நீ போன அடுத்த வருஷம். திரும்ப அங்க போயிருந்தேன். கையுறை இல்லாம பிடிச்சேன், ஊசி ஆடுச்சு." குவளையைக் கையில் திருப்பினார். "அப்பக் கட்டுரை வெளிய வந்திருச்சும்மா. நான் என்ன பண்றது? எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிச்சிட்டு இருந்தாங்க."

நான் வந்தது ஒரு தப்புக்குப் பழிவாங்க. தெரியாமல் நடந்த தப்பு என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், அதற்கே இவ்வளவு ஆத்திரம். பதினோரு வருஷமாக இந்த மனிதருக்குத் தெரியும். ஒரு ஃபோன் போதும். தேக்காவில், சிராங்கூன் ரோட்டு எங்கள் டியூஷன் சென்டருக்குக் கீழே இருக்கும் கடையில் அவர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட வருவார், நானே இரண்டு தடவை பார்த்து ஒளிந்திருக்கிறேன். முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு ஒளிந்தேன். நான்!

"மன்னிச்சிரும்மா. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறேன். அதுவரைக்கும் விட்டுரு."

அவரைத் திட்ட வாயில் எத்தனையோ சொற்கள் இருந்தன.  வந்தது இதுதான்.

"சார், அன்னைக்கே நீங்க என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, மோதிரத்தைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன். கோட்டை நான்தான் மாத்திப் படிச்சேன்னு நானே எழுதிக் கொடுத்திருப்பேன். உங்களுக்காக."

அவர் கண் கலங்கியது. நான் பார்க்கத்தான் செய்தேன். தே தாரிக்கைக் குடித்து முடித்தேன், குழலைப் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினேன். என் பெயரில் மட்டும். மோதிரத்தை முதல் வரியிலேயே எழுதினேன். அவருக்குத் தெரிந்த வருஷத்தை இரண்டாவது வரியில்.